உதைத்தும் எடுக்காத எஞ்சின்: யாழ்ப்பாணத்துக் கராஜ்களின் ஒரு பழைய கேள்வி

பழைய மோட்டார் சைக்கிளைக் கராஜ் வாசலில் கொண்டுவந்து விடுபவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "ஸ்ராட் எடுக்குதில்லை" என்பது ஒன்று. "எடுக்குது, ஆனா ஸ்லோவில நிக்குதில்லை" என்பது மற்றது. காரணம் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர் பிளக்கைக் கழற்றுகிறார். இன்னொருவர் நேரே கார்பரேற்றருக்குப் போகிறார். மூன்றாமவர் எதையும் கழற்றாமல் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, எஞ்சின் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று பார்க்கிறார்.

எஞ்சின் எடுக்க மூன்று வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை: எரியக்கூடிய அளவில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை, அதை நெருக்கும் அமுக்கம், உரிய கணத்தில் விழும் பொறி. மூன்றில் எதை முதலில் சந்தேகிப்பது என்பதிலேதான் கட்சிகள் பிரிகின்றன. யாழ் குடாநாட்டின் கடந்த ஐம்பது ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், அந்தந்தக் காலத்தில் எது கிடைக்காமல் இருந்ததோ அதன்மேலேயே முதற் சந்தேகமும் விழுந்திருப்பதாகத் தோன்றுகிறது. இக்கட்டுரை அந்தப் பதில்களையும், அவை பிறந்த சூழலையும், ஒவ்வொன்றும் எங்கே சறுக்குகிறது என்பதையும் பார்க்கிறது.

வண்டிகள்

இங்கே பழைய வண்டி என்றால் பெரும்பாலும் ஹொண்டாதான்: சி 50, சி 70, சி 90, எம்.டி. 90, சாலி, இரட்டைச் சிலிண்டர் கொண்ட சி.டி. 125, சி.டி. 200. முதல் மூன்றும் 1958இல் யப்பானில் வெளிவந்த சுப்பர் கப் குடும்பத்தவை. அந்தக் குடும்பத்தின் உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. எம்.டி. 90 யப்பானியத் தபால்காரருக்காகச் செய்யப்பட்ட சிவப்பு வண்டி. அங்கே ஓடி முடித்தவை பாவித்த வண்டிகளாக இலங்கைக்கு வந்து சேர்ந்தன.

இவற்றின் அமைப்பில் ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. கப் வகையின் பழைய வண்டிகள் பலவற்றில் பொறிக்கான மின்சாரத்தைச் சுழலும் மக்னெற்றே தருகிறது. பற்றரி செத்தாலும் எஞ்சின் எடுக்கும். அதே வண்டிகளில் கிளச் தானியங்கி. எஞ்சினின் சுற்று ஏறினால் கிளச் தானாகப் பிடிக்கும். ஆகவே ஸ்லோவை, அதாவது அக்சிலேற்றரை விட்டபின் எஞ்சின் சுற்றும் வேகத்தை, நிமிடத்துக்கு 1500 சுற்று அளவில் வைக்க வேண்டும். அதைவிட மிக ஏற்றினால் முதல் கியர் "டக்" என்று அடித்து விழும், வண்டி நின்ற இடத்தில் நில்லாமல் ஊரத் தொடங்கும். ஸ்லோ சரியில்லை என்பதைக் கப் வண்டி ஓட்டுபவரின் கால் உடனே உணர்ந்துவிடும்.

மண்ணெண்ணெய் ஆண்டுகள்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதைத் தொடர்ந்து குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோலும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தன. மட்டுப்படுத்திய அளவில் வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயில்தான் வீட்டின் ஜாம் போத்தல் விளக்கும் எரிந்தது, தோட்டத்து இறைப்பு மெசினும் ஓடியது, மோட்டார் சைக்கிளும் ஓடியது. சிறு போத்தலில் பொக்கிஷம்போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காற்றுக் குழாய்க்குள் விட்டு உதைப்பார்கள். அது பற்றி எரியும் சில நொடிகளுக்குள் அக்சிலேற்றரை முறுக்கி எஞ்சினைச் சூடாக்கி மண்ணெண்ணெய்க்குள் இழுத்துவிட வேண்டும். தவறினால் மறுபடி துளி, மறுபடி உதை.

இதில் வேலை செய்த இயற்பியல் எளிமையானது. பெற்றோலில் 30 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கும் கூறுகள் உண்டு. மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 150 பாகையில். குளிர்ந்த எஞ்சினுக்குள் போகும் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே சுவரில் ஒட்டிக்கொள்ளும். பெற்றோல் துளிகளைக் கார்பரேற்றரின் கிண்ணத்துக்குள் விடாமல் காற்றுப் பாதையில் விட்டதும் இதனாலேயே: கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் நிற்கும்போது அதற்குள் சிந்தும் நாலு துளியால் பயனில்லை.

இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கில்லை. பிரித்தானியாவில் 1940களின் இறுதியில் வந்த பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை இதே முறையில்தான் ஓடியது: பெற்றோலில் ஸ்ராட், சூடானதும் மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளுக்கு மாற்றம். குடாநாட்டின் வெங்காய, புகையிலைத் தோட்டங்களில் இறைத்த மெசின்களும் இதே வழக்கத்தைப் பல ஆண்டுகளாக விவசாயிகளுக்குப் பழக்கியிருந்தன. தோட்டத்து அறிவுதான் வீதிக்கு வந்தது என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் உழவு இயந்திரத்தை அதற்கென்றே அமுக்கத்தைக் குறைத்துச் செய்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளின் எஞ்சின் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. அதில் மண்ணெண்ணெயை விட்டால் ஏற்றத்தில் இழுக்கும்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்கும். பிளக்கிலும் வால்வுகளிலும் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும்.

அக்காலத்துப் பதில் இதிலிருந்தே பிறந்தது: எடுக்காவிட்டால் குற்றம் எரிபொருளில். அன்றைய நிலையில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் ஸ்லோவில் நிற்கவே நிற்காது. சந்தியில் நிறுத்தினாலும் அக்சிலேற்றரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது ஸ்லோ திருகாணியை ஏற்றி வைக்க வேண்டும். எஞ்சினின் நலத்தைச் சொல்லும் அறிகுறி என்ற தகுதியை ஸ்லோ ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு இழந்திருந்தது. ஏற்றி வைக்கும் கைப்பழக்கம் பெற்றோல் திரும்ப வந்த பிறகும் சிலரிடம் தங்கிவிட்டது எனக் கருத இடமுண்டு, நிரூபிப்பது கடினம்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் பழைய சந்தேகம் வேறு உருவில் திரும்பியது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. மண்ணெண்ணெயோ ஓகஸ்ட்டில் 340 ரூபாவாக உயர்த்தப்படும் வரை 87 ரூபாதான். இவ்வளவு விலை இடைவெளி இருந்தால் கலப்படம் பற்றிய பேச்சு எழாமல் இராது. இருந்தும், அக்காலத்தில் எடுக்காமற்போன எல்லா வண்டிகளையும் கலப்படக் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. எரிபொருள் பங்கீட்டுக்கான கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரம் 4 லீற்றர். வண்டிகள் நாட்கணக்கில் அசையாமல் நின்றன. போத்தல்களில் பெற்றோல் சேர்த்து வைக்கப்பட்டது. மூடி இறுக்கமில்லாத போத்தலில் நின்ற பெற்றோலில் முதலில் ஆவியாகிப் போவது இலகுவான கூறுதான். ஸ்ராட் எடுக்க உதவுவதும் அதே கூறு.

பொறியைக் குற்றம் சொல்வோர்

இக்கட்சியின் சோதனையை யாழ்ப்பாணத்தில் பார்க்காதவர் குறைவு. பிளக்கைக் கழற்றி, தொப்பியில் மாட்டியபடியே எஞ்சின் தலையில் சாய்த்து வைத்து, கையால் நிழல் கொடுத்துக்கொண்டு கிக்கரை உதைப்பது. நீலப் பொறி "டிக், டிக்" என்று விழுந்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக விழுந்தால் கொண்டென்சரோ, மின்சுற்றைத் திறந்து மூடும் பொயின்ற்றோ, கொயிலோ பழுது.

குடாநாட்டில் இக்கட்சிக்கு இடம் கொடுக்கும் காரணங்கள் உண்டு. கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ வெகு தூரமான ஊர் இங்கே இல்லை. பண்ணைத் தாம்போதியால் தினமும் தீவகத்துக்குப் போய்வரும் வண்டியின் வயர் முனைகளில் உப்பு ஏறிப் பச்சை பூக்கும். மாரியில் வாடைக் காற்றோடு வரும் தூவானம் மக்னெற் மூடியின் பழைய கஸ்கெற் வழியே கசிந்து பொயின்ற்றை நனைக்கும். மழை நாளில் மட்டும் எடுக்காத வண்டியைப் பொறிக்காரரிடம் அனுப்புவதே அறிவு.

அவர்களுடைய பிரதான சோதனை பலர் நம்புமளவுக்கு உறுதியானதல்ல. திறந்த காற்றில் பிளக்கின் 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்டுவது பலவீனமான கொயிலுக்கும் முடியும். சிலிண்டருக்குள் நெருக்குண்ட கலவையின் நடுவே அதே இடைவெளியைத் தாண்ட மேலும் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வெளியே நீலமாக விழுந்து உள்ளே விழாத பொறி எத்தனையோ கார்பரேற்றர்களை அநியாயமாகக் கழற்ற வைத்திருக்கும். வெளிக்காற்றில் 6 மில்லிமீற்றர் அளவு இடைவெளியைத் தாண்ட வைத்துப் பார்ப்பது இதைவிட நம்பகமான சோதனை. கைப்பழக்கத்தில் அது குறைவு.

பொயின்ற் விடயத்தில் இக்கட்சி சொல்வதில் கனம் அதிகம். பொயின்ற்றின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். அதைத் திறக்கும் காம் மீது உரசுகிற நார்க்கட்டை கிறீஸ் இல்லாமல் தேயும்போது இடைவெளி குறையும். குறையும் அளவுக்குப் பொறி விழும் நேரமும் பிந்தும். அப்போது எஞ்சின் எடுக்கும், ஆனால் ஸ்லோ சோம்பிக் கிடக்கும். சைலன்சர் வழமையைவிடச் சுடும். இதைக் கார்பரேற்றர் திருகாணியால் சரிசெய்ய முனைந்தவர்களுக்கு அரை நாள் வீணாகும், அவ்வளவுதான்.

கார்பரேற்றர்

இன்று அதிகம் கேட்கும் பதில் இதுதான்: "கார்பரேற்றர் கழுவ வேணும்." கழுவினால் பல வண்டிகள் குணமாகவும் செய்கின்றன. ஸ்லோ ஜெற்றின் துளை அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. பழைய தாங்கியின் துருத்தூள், அடியில் தங்கிய நீர், நின்றுபோன பெற்றோல் விட்டுச்சென்ற பிசின் எதுவானாலும் முதலில் அடைப்பது அந்தத் துளையைத்தான். மெயின் ஜெற் அதைவிடப் பெரியது. அதனால்தான் ஓடும்போது நன்றாக ஓடி, அக்சிலேற்றரை விட்டதும் சாகிற வண்டி உண்டாகிறது. சோழகம் வீசும் மாதங்களில் எயர் பில்ரரில் ஏறும் புழுதி இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்து கலவையைக் கனக்க வைக்கும்.

கழுவும் முறையில்தான் பிரச்சினை. ஜெற் மென்மையான பித்தளை. அடைப்பெடுக்க வயரிலிருந்து உருவிய ஓர் இழையை உள்ளே விட்டு ஆட்டினால் அடைப்போடு பித்தளையும் கொஞ்சம் போகும். நாலைந்து தடவை இப்படிக் குத்திய ஜெற்றில் பொறித்திருக்கும் எண்ணுக்கும் துளையின் உண்மையான அளவுக்கும் சம்பந்தம் இராது. பிறகு வண்டி புகைக்கும், பிளக் கறுக்கும், "கார்பரேற்றர் கழுவ வேணும்" என்று மறுபடி வரும். காற்றை ஊதி அல்லது ஜெற்றைக் கரைப்பானில் ஊறப்போட்டு எடுப்பவர்கள் இந்த வட்டத்திலிருந்து தப்புகிறார்கள்.

இன்னொரு குழப்பம் இரண்டு திருகாணிகளைப் பற்றியது. ஒன்று திரொட்டில் எந்தளவு மூடலாம் என்பதைத் தீர்மானிப்பது. மற்றது ஸ்லோவுக்கான காற்றை அளப்பது. முதலாவதை ஏற்றினால் சுற்று உடனே கூடுவதால் குறை தீர்ந்ததுபோல் தெரியும். சரியான ஒழுங்கு வேறு. எஞ்சின் நன்றாகச் சூடானபின், காற்றுத் திருகாணியை முற்றாக மூடி, ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எஞ்சின் எங்கே சீராகப் பாடுகிறது என்று கேட்க வேண்டும். அதன் பிறகே மற்றத் திருகாணி.

கார்பரேற்றர்க் கட்சி அதிகம் தவறவிடுவது அதற்கு அடுத்த வீட்டுக் குற்றத்தை. கார்பரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றப்பர் வளையம் சூட்டில் இறுகிப்போனால், அல்லது இறுக்கி இறுக்கி விளிம்பு வளைந்துபோனால், அளக்கப்படாத காற்று உள்ளே போகும். ஸ்லோ ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் விழும். எத்தனை தரம் கழுவினாலும் இது தீராது. ஓடும் எஞ்சினில் அந்த மூட்டைச் சுற்றி ஒயில் துளி விட்டுப் பார்த்தால் போதும்: சத்தம் மாறினால் கசிவு அங்கேதான்.

அமுக்கம்: கடைசியில் நினைவுக்கு வருவது

அமுக்கத்தை முதலில் பார்ப்பவர்கள் சிறுபான்மை. பார்த்தால் செலவான பதில் கிடைக்கும் என்ற பயமும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆயினும் பிளக் துளைக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி உதைப்பது சல்லிக்காசு செலவில்லாத சோதனை. கிக்கர் இறுகினால் தேய்ந்தது றிங், இறுகாவிட்டால் வால்வு. கப் குடும்பத்து எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர்தான். வால்வு தன் இருக்கையில் அமிழ அமிழ அந்தச் சிறு இடைவெளியும் மறையும். பிறகு சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது. காலையில் ஒரே உதையில் எடுத்து, சந்தைக்குப் போய்வரும் வழியில் நின்று, அரை மணி ஆறியபின் மறுபடி எடுக்கும் வண்டிகளில் சில இந்த இனம்.

சிலதான். சூட்டில் கொயில் பழுதானாலும் இதே அறிகுறி. பெற்றோல் தாங்கி மூடியின் மூச்சுத்துளை அடைபட்டாலும் இதே அறிகுறி: உள்ளே வெற்றிடம் உண்டாகி பெற்றோல் இறங்காது. வண்டி நின்ற உடனே மூடியைத் திறக்க "உஸ்" என்று காற்று இழுத்தால் விடை அங்கே. ஆறவிட்டுப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஆறிய வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோவதால்தான் இந்தக் குறை பல மாதங்கள் தீராமல் அலைகிறது.

ஈயம் நீக்கிய பெற்றோல் வால்வு இருக்கையைத் தின்கிறது என்ற வாதமும் பழைய வண்டிக்காரரிடையே உலகெங்கும் உண்டு. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆனால் யப்பானின் சாதாரணப் பெற்றோல் 1975இலேயே ஈயமற்றதாகிவிட்டது. அதன்பின் அந்தச் சந்தைக்குச் செய்த எஞ்சின்களுக்கு இந்தப் பயம் பெரிதாகப் பொருந்தாது.

காதா, அளவா

எதை முதலில் பார்ப்பது என்ற தகராறுக்குப் பின்னால், எப்படி அறிவது என்ற தகராறும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் றொபேட் பேர்சிக் 1974இல் வெளியிட்ட, மோட்டார் சைக்கிள் பராமரிப்பைத் தலைப்பில் கொண்ட நூலின் தொடக்கத்தில், கடும் வெயிலில் நண்பரின் வண்டி எடுக்காமல் நிற்கிறது. அவர் சொக்கை இழுத்துவிட்டபடியே உதைத்துக்கொண்டிருக்கிறார். வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதான குடாநாட்டில் சொக் பற்றிய அந்தக் காட்சி விளக்கம் இல்லாமலே புரியும். பேர்சிக்கின் பரிந்துரை ஊகங்களை எழுதி, ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்குவது. மானிடவியலாளர் ஜூலியன் ஓர் 1996இல் எழுதிய ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது: நகலெடுப்பு இயந்திரம் திருத்துவோர் கையேட்டைவிடத் தமக்குள் சொல்லும் கதைகளிலிருந்தே அதிகம் கற்கிறார்கள். யாழ்ப்பாணக் கராஜ் ஜூலியன் ஓர் சொல்வதற்கு நெருக்கமானது. "இப்பிடித்தான் போன மாரியிலயும் ஒரு எம்.டி. வந்தது" என்று தொடங்கும் பேச்சில் நோய், சோதனை, மருந்து மூன்றும் அடங்கிவிடும். கதையில் வரும் வண்டிகள் பெரும்பாலும் குணமானவை என்பது இம்முறையின் குறை. தவறிய கணிப்பை எவரும் கதையாக்குவதில்லை.

2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை ஸ்லோவுக்கு முதல் தடவையாக ஓர் எண்ணைக் கொடுத்தது. எஞ்சின் ஸ்லோவில் நிற்கும்போது சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன. தேர்வுக்கு முதல்நாள் கலவையை மெலிய வைத்து, சான்றிதழ் கிடைத்ததும் பழையபடி திருப்பிவிடும் வழக்கமும் கூடவே வந்தது. மெலிந்த ஸ்லோ சான்றிதழுக்கு நல்லது, காலை ஸ்ராட்டுக்குக் கெட்டது. அந்த எண்ணை நோயறியப் பயன்படுத்துவோர் இன்னும் குறைவு.

மாற்றிப் பார்ப்பது

நோயைத் தேடாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதும் ஒரு முறைதான். 2020 மார்ச்சிலிருந்து ஐந்தாண்டு அளவுக்கு வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வண்டியின் பெறுமதி ஏற, அதைக் கைவிட முடியாதவர்கள் கூடினார்கள். பெட்டியோடு கிடைக்கும் மலிவுக் கார்பரேற்றரின் விலை, மெக்கானிக்கின் ஒரு நாள் கூலியோடு ஒப்பிடத்தக்கதாக இருக்கும்போது, தேடுவதைவிட மாற்றுவதே கணக்குக்குச் சரி. புதிய பாகமும் குறையோடு வரலாம் என்பதை மட்டும் இம்முறை கணக்கில் எடுப்பதில்லை.

எஞ்சி நிற்பவை

கட்சிகளில் எதுவும் முழுப் பிழை என்று சொல்ல முடியவில்லை. ஸ்ராட்டையும் ஸ்லோவையும் ஒரே குறையாகப் பேசுவதுதான் எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான பலவீனமாகத் தோன்றுகிறது. ஸ்லோவில் கலவையும் மிகக் குறைவு, சுற்றும் மிகக் குறைவு. பொறியிலோ அமுக்கத்திலோ காற்றிலோ உள்ள சிறு பிசகு மற்ற வேகங்களில் மறைந்துபோகும். ஸ்லோவில் மட்டும் வெளியே தெரியும். அந்த அளவில், "ஸ்லோ நிக்குதில்லை" என்பது நோயின் இடத்தைச் சொல்வதைவிட நோய் உண்டென்பதைத்தான் சொல்கிறது. அதைக் கார்பரேற்றரின் தனிக் குறையாகப் படிக்கும் இன்றைய வழக்கத்துக்குப் போதிய ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை.

விடை காணாத கேள்விகள் சில. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களில் எத்தனை இன்று மிஞ்சியுள்ளன, அவற்றின் தேய்மானத்தில் எவ்வளவு அக்காலத்தின் கணக்கு என்பதைப் பிரித்தறிய இனி இயலாமற் போகலாம்: பல சிலிண்டர்கள் அதன்பின் ஒரு தடவையோ இரண்டு தடவையோ உட்புறம் கடைந்து பெருப்பிக்கப்பட்டு, பிஸ்ரனும் மாறிவிட்டது. பொயின்ற்றை நீக்கி மின்னணுப் பொறியமைப்பான சி.டி.ஐ. பொருத்திய வண்டிகள் மாரியில் உண்மையிலேயே குறைவாக நிற்கின்றனவா என்பதை ஒரே ஊரில் இரண்டு வகையையும் ஒரு மாரி முழுவதும் கவனித்தாலே சொல்லலாம். கராஜ்களில் வரவு செலவுக் கொப்பி இருக்கிறது. வண்டி சூடாக நின்றதா குளிராக நின்றதா, எத்தனை நிமிடம் ஓடி நின்றது, எதை மாற்றியபின் எடுத்தது என்று எழுதும் கொப்பி இல்லை. 1990 முதல் 1995 வரை துளிப் பெற்றோலில் வண்டி எடுத்த கைகளுக்கு இப்போது அறுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.